தளபதியின் தோளில் ஒரு கோடு

அன்புள்ள வாலுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் நலம் என்று எழுதித்தான் கைக்குப் பழக்கம், இந்த முறை முக்கால் நலம் என்று வைத்துக்கொள், நீயாவது அங்கே முழு நலமாக இரு. என் மூட்டு வலி பழைய பாட்டுதான். குழாய் சொட்டுவது நிற்கவில்லை, மாடி வீட்டுக்காரி இன்னும் நம் துணிக்கொடி மேல்தான் தண்ணீர் ஊற்றுகிறாள், சண்டை போடவும் எனக்குத் தெம்பில்லை. போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனை எடுத்தால் உன் அப்பா பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார், அவரை வைத்துக்கொண்டு இதைச் சொல்ல முடியாது.

நீ கருப்பு அடித்து வைத்துவிட்டுப் போன பன்னிரண்டு பொம்மை வீரர்களில் பதினொன்றுக்கு உன் அப்பா வண்ணம் தீட்டி முடித்துவிட்டார். கட்டைவிரல் உயரப் பொம்மைக்கு இத்தனை கவசமா என்று நான் கேலி செய்வேன். நீ சொல்லிக்கொடுத்தபடியேதான், கருப்பின் மேல் வெள்ளையை அள்ளிப் பூசாமல், நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் கவசத்தின் விளிம்பில் மட்டும் முடியளவு கோடு, மூலையில் இன்னும் வெளிறிய ஒரு புள்ளி, அதற்கே இரும்பு மாதிரி மின்னுகிறது. முப்பது வருஷம் சலூனில் கத்தி பிடித்த கைக்கு இதெல்லாம் ஜுஜுபி என்று அலட்டிக்கொண்டார். மிச்சம் அந்தத் தளபதி மட்டும்தான். இரண்டு மாதமாக அவன் முடிந்தபாடில்லை. போன வாரம் தூசி தட்டும்போது கையில் எடுத்தேன், மற்றவர்கள் எல்லாம் கூராக நிற்க இவன் மட்டும் வீங்கிப்போய், கவசத்தின் மடிப்பெல்லாம் மூடிக் கிடக்கிறான். அன்று சாயங்காலம் சமையலறையிலிருந்து கவனித்தேன். கோடு போடுகிறார், அது நெளிகிறது, அதன் மேல் கருப்பை அடிக்கிறார், காய்ந்ததும் மறுபடி கோடு, மறுபடி கருப்பு. கை நடுங்குகிறது வாலு.

எனக்கு முதலில் வந்த பயம் உன் அப்பாவைப் பற்றி அல்ல, அவர் கத்திக்குக் கழுத்தை நீட்டுகிறவர்களைப் பற்றி. மறுநாள் சாப்பாடு கொண்டுபோகிற சாக்கில் சலூனுக்குப் போனேன். தபால்காரர் நாற்காலியில் இருந்தார். உங்க வீட்டுக்காரர் ரெண்டு மாசமா யாருக்கும் ஷேவிங் பண்றதில்லையே, மெஷின்ல முடி மட்டும்தான் வெட்டுவேங்கறார், நாங்கல்லாம் தாடியோட திரியறோம் என்று சிரித்தார். உன் அப்பா கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி திரும்பிக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். கோடு நேரா வந்துட்டா மறுநாள் கத்தியை எடுக்கலாம்னு இருந்தேன், அதுக்குள்ள தண்டோரா போட்டுடாதே என்றார். டாக்டரிடம் போகலாம் என்றால் பெயின்ட் டப்பாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகையும் வந்தது, எரிச்சலும் வந்தது. இரண்டு மாதம் ஒரே வீட்டில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிட்டும் எனக்குத் தெரியவில்லையே.

நேற்று அந்தக் கோடு வந்துவிட்டது. வலது தோளில், நேராக, முடியளவு. சின்னப் பிள்ளை மாதிரி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார், நாளைக்குத் தபால்காரருக்குத்தான் முதல் ஷேவிங் என்றார். சரி, இடது தோள்லயும் ஒண்ணு போடுங்க பார்க்கறேன் என்றேன். பிரஷை நனைத்தார், பொம்மைக்குக் கிட்டே கொண்டுபோனார், நுனி ஓர் இடத்தில் நிற்காமல் தோளைச் சுற்றி அலைந்தது. பிறகு பிரஷைக் கழுவித் துடைத்து டப்பாவில் போட்டுவிட்டு, எந்த டாக்டர் என்று கேட்டார்.

டாக்டர் அடுத்த மாதம் முதல் வாரம்தான் வரச் சொல்லியிருக்கிறார், அதற்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிடும். நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே. வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே, எங்கள் ஆசி என்றைக்கும் உனக்கு உண்டு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. தளபதியை இடது தோளில் கோடு இல்லாமலே உனக்கு அனுப்பப் போகிறார். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்துதானே வரும், ஒரு கோடு போதும் என்று, பொம்மை வந்து சேர்ந்ததும் போனில் சொல்லிவிடு. நான் சொன்னால் நம்பமாட்டார், நீ சொன்னால் நம்புவார்.

இப்படிக்கு,
களைத்துப்போன உன் அம்மா