எட்டாம் எண் மரம்

அக்டோபர் 6, திங்கள்

குளிர்காலத்துக்கு மிளகாய் சுட்டோம். நான் அடுப்பைப் பார்த்துக்கொள்ள, ஸ்லாட்டா சூட்டோடு தோலுரித்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து இதே அடுப்பு, இதே சண்டை. நான் கருக்கிவிடுகிறேனாம்.

அந்த நேரத்தில் அவள் தம்பி ராட்கோவின் ஜீப் வந்து நின்றது. பட்டாளத்தில் கழித்துப் போட்ட ஜீப். ஓட்டுகிற பக்கத்துக் கதவு வெளியிலிருந்து மட்டும்தான் திறக்கும். யாராவது போய்த் திறந்துவிடும்வரை ஹாரன் அடித்துக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பான். ஊரில் அவனுக்கு 'மந்திரி' என்று பெயர். நான்தான் போய்த் திறந்துவிட்டேன்.

"மச்சான், நவம்பர்ல நாலு ஜெர்மன்காரங்க வேட்டைக்கு வராங்க. நம்ம பல்கேரியாவுல கூட்டிட்டுப் போறதா, கிரீஸ் பக்கமா, துருக்கி பக்கமா? எங்க பன்னி ஜாஸ்தி, எங்க சட்டம் லேசு, எங்க காட்டுக்குள்ள விடுறாங்க, இதெல்லாம் நீங்க போய்ப் பாத்து எழுதிக் குடுங்க. லாரி ஓட்டின ஆளு, மூணு பாஷையும் பேசுவீங்க."

"போறேன்."

"அப்படியே உங்க துப்பாக்கி லைசென்ஸையும் திரும்ப வாங்கிடுங்க. ரெண்டு வருஷம் ஆச்சு. தப்பு உங்க மேல இல்லன்னு கேஸையே மூடிட்டாங்க. இன்னும் எதுக்குப் பொட்டச்சி மாதிரி மிளகாய் சுட்டுக்கிட்டு?"

ஸ்லாட்டா தலையைத் தூக்காமல், "உன் சட்டையில பட்டன் யாருடா தைக்கிறா? நீயா?" என்றாள்.

அவன் சொன்னது தன்யோ விஷயம். போன வருஷம் ஜனவரியில் பன்றி விரட்டும்போது என் குண்டு பட்டுச் செத்தான். அது ஊருக்கே தெரியும்.

அக்டோபர் 7, செவ்வாய்

எழுத உட்கார்ந்தேன். ஒன்றும் வரவில்லை. ஆட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போனேன்.

அக்டோபர் 8, புதன்

கிரீஸ் பக்கம் போய் வந்தேன். த்ராசோஸின் குழு. அவனை வெங்காய லாரி ஓட்டிய காலத்திலிருந்தே தெரியும். ஒருதடவை இரண்டு பேர் லாரியும் ஒரே பாலத்தில் எதிரெதிரே மாட்டிக்கொண்டு, யார் பின்னால் போவது என்று மத்தியானம்வரை திட்டிக்கொண்டோம். கடைசியில் அவன் ரொட்டியும் ஆலிவும் எடுத்துவந்தான். பின்னால் போனது நான்தான்.

ராட்கோவுக்குக் குறிப்பு: வேட்டை வாரத்தில் மூன்று நாள். புதன், சனி, ஞாயிறு. ரைபிள் கூடவே கூடாது. சாதா வேட்டைத் துப்பாக்கிதான், மூன்று தோட்டாவுக்கு மேல் போடக் கூடாது. பன்றி உண்டு. ஆனால் ஓடை நெடுக முள்.

"எங்க ஊர்ல ரைபிளோட காட்டுக்குப் போனா உள்ள தூக்கிப் போட்டுடுவான். உங்க ஊர்ல இவன் பைத்தியம் இல்லன்னு டாக்டர் எழுதிக் குடுக்கணும். அதான் உங்க ஊர்ல பாதிப் பேர் கையில துப்பாக்கி இல்ல" என்றான் த்ராசோஸ்.

என்னை ஓர் ஓக் மரத்தடியில் வெறுங்கையோடு நிறுத்தினான். பன்றியை விரட்டும் நாய்கள் குரைக்கும் சத்தம் மேற்கே போயிற்று. நன்றாகப் பார்க்கலாமே என்று பத்தடி நகர்ந்தேன். யோசிக்கவே இல்லை, கால் தானாகப் போயிற்று. பக்கத்து மரத்தடியில் நின்ற தாடிக்காரன் துப்பாக்கியைத் தாழ்த்திவிட்டுக் கத்தினான்.

"யோவ்! நீ இங்க என்ன பண்ற?"

கிரேக்கத்தில்தான் கேட்டான். எனக்குக் கேட்டது தன்யோவின் குரல். மூத்திரம் போய்விட்டது. வயசான ஆள், பாவம் என்று நினைத்திருப்பார்கள்.

இதை எங்கேயாவது எழுதித்தான் ஆகவேண்டும். இங்கேயே எழுதுகிறேன்.

எங்கள் காட்டில் சுடுகிறவர்கள் நிற்கும் மரங்களில் வெள்ளை பெயின்டில் எண் போட்டிருக்கிறது. எனக்கு ஏழு, தன்யோவுக்கு எட்டு. நடுவில் ஒரு மண்மேடு. ஏழில் நின்று எப்படிச் சுட்டாலும் எட்டுக்குப் போகாது. அதற்காகவே பார்த்து வைத்த இடம். அன்றைக்கு மழைத் தூறல். ஓடைக்குக் கீழே பன்றி போட்ட புதுத் தடம் பார்த்தேன். இங்கே நின்றால் பார்க்க முடியாதே என்று கீழே இறங்கிப் போனேன். ஒரு நாற்பது காலடி இருக்கும். பன்றி வந்தது. சுட்டேன். அந்த இடத்திலிருந்து மேடு மறைக்கவில்லை. வெறும் முட்செடிதான் மறைத்தது.

முட்செடிக்குப் பின்னாலிருந்து தன்யோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கி வந்தான். கோபம்கூட இல்லை. ஆச்சரியமாகத்தான் பார்த்தான்.

"நீ இங்க என்னடா பண்ற?"

அவ்வளவுதான். உட்கார்ந்தான், சாய்ந்தான்.

எல்லாரும் ஓடிவந்து சேற்றை மிதித்துத் தடமெல்லாம் அழித்தார்கள். குழுத் தலைவர் ஸ்லாவி, "இவன் ஏன்யா மரத்தை விட்டு இறங்கி வந்தான்?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் போலீஸ் அதிகாரி வந்து, நீ எங்கே நின்றாய் என்றார். ஏழு என்றேன். ஒரே ஒரு சொல்.

அதிலிருந்து ஊருக்குத் தெரிந்தது இதுதான்: தன்யோ தன் இடத்தை விட்டு நகர்ந்தான், அதனால் செத்தான்.

அக்டோபர் 11, சனி

எங்கள் குழு இரண்டு பன்றி அடித்தது. நான் காட்டுக்குப் போகவில்லை. தோலுரிக்க மட்டும் போனேன்.

கறி பங்கு போடுவது எப்போதும் ஒரே மாதிரிதான். ஆளுக்கு ஒரு கூறாகத் தார்ப்பாயில் வைப்பார்கள். ஸ்லாவி முதுகைக் காட்டி நிற்பார். ஒருவன் ஒரு கூறைத் தொட்டு "யாருக்கு?" என்பான். அவர் பார்க்காமலே ஒரு பெயரைச் சொல்வார். நல்ல கறி எனக்கு, எலும்பு உனக்கு என்ற சண்டையே வராது.

"யாருக்கு?"

"இவானுக்கு."

"யாருக்கு?"

"டெல்சோவுக்கு." அது நான்.

"யாருக்கு?"

"தன்யோவுக்கு."

வாய்ப் பழக்கம். என் பெயருக்கு அடுத்து அவன் பெயர் என்று முப்பது வருஷம் சொன்ன வாய். யாரும் சிரிக்கவில்லை. தொட்ட கையைக்கூட எடுக்கவில்லை அவன். நாய் ஒன்று வாயைத் திறந்து கொட்டாவி விட்டது.

ஸ்லாவி திரும்பவில்லை. "சொன்னா சொன்னதுதான். ஸ்தோய்னாவுக்குப் போகட்டும். டெல்சோ, வழியில குடுத்துடு."

தன்யோவின் மனைவி ஸ்தோய்னா வாசலில் வால்நட் உடைத்துக்கொண்டிருந்தாள். பையை வாங்கி எடை பார்ப்பதுபோல் தூக்கிப் பார்த்தாள்.

"எதுக்கு அண்ணே? சொன்ன இடத்துல நிக்காதவனுக்கு எதுக்குப் பங்கு?"

"அப்படிச் சொல்லாதே."

"நானா சொல்றேன்? வருஷா வருஷம் வேட்டை ஆரம்பிக்கிற மொத நாள் ஸ்லாவி எல்லாரையும் நிக்கவச்சுச் சொல்றாராமே, தன்யோ மாதிரி நகராதீங்க, தன்யோ மாதிரி சாகாதீங்கன்னு. கேட்டுட்டு எல்லாரும் நோட்டுல கையெழுத்துப் போடுறீங்களாம். என் வீட்டுக்காரர் உங்களுக்குப் பாடமாயிட்டாரு." ஒரு வால்நட்டை ஓங்கி அடித்தாள். "முற்றத்துல கோழி புகுந்தாகூட நாற்காலியை விட்டு எழுந்திரிக்காத மனுஷன் அண்ணே அவரு. அன்னைக்கு மட்டும் என்ன அவசரம்?"

வீட்டுக்கு வந்தேன். என் பங்கு கறியை நாய்க்குப் போட்டேன். ஸ்லாட்டா திட்டினாள்.

அக்டோபர் 15, புதன்

துருக்கிப் பக்கம். எடிர்னேயில் வறுத்த ஈரல் சாப்பிட்டேன், காய்ந்த மிளகாயோடு. அதற்காகவே எல்லை தாண்டலாம்.

ராட்கோவுக்குக் குறிப்பு: பன்றி ஏராளம். அங்கே மனிதர்கள் அதைத் தின்பதில்லை. சூரியகாந்தியையும் சோளத்தையும் உழுது தள்ளுகிறது என்று விவசாயிகளே கூப்பிடுகிறார்கள். ரைபிள் சரி. ஆனால் வெளிநாட்டுக்காரன் தானாகக் காட்டுக்குள் நுழைய முடியாது. கம்பெனி வழியாக வரவேண்டும், அனுமதித் தாள் வேண்டும், உள்ளூர் ஆள் கூடவே நடக்க வேண்டும். தாள் மேல் தாள்.

நெஜ்தெத் என்ற ஆள் கூட வந்தார். நல்ல மனுஷன், ஆனால் வாய் மூடாது. மூன்று மருமகள்களின் கதையும் கேட்டேன். மூத்தவள் உப்புப் போடமாட்டாள், நடுவுள்ளவள் பேசமாட்டாள், சின்னவள் இரண்டையும் சேர்த்துச் செய்வாள்.

"உங்க பக்கத்துல ஒரு விபத்து ஆச்சாமே, மாமா?" என்று கேட்டார். "இங்கயும் ஆகுது. ஆனா ஒண்ணு. சட்டம் எந்த நாட்டுல எப்படி இருந்தாலும், நின்ன எடத்தை விட்டு நகர்ந்தவன்தான் சாவான்."

"இல்ல. பக்கத்துல நிக்கிறவன் சாவான்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். அதற்கப்புறம் மருமகள்களைப் பற்றிக்கூடப் பேசவில்லை.

அக்டோபர் 16, வியாழன்

கொட்டகையில் விறகு அடுக்கும்போது பின்னால் யாரோ நின்ற மாதிரி. திரும்பவில்லை. அடுக்கி முடித்துவிட்டுத்தான் திரும்பினேன். யாரும் இல்லை. யாராவது இருந்திருக்கலாம் என்றுகூடத் தோன்றியது.

அக்டோபர் 21, செவ்வாய்

லைசென்ஸுக்காக மனநல டாக்டரிடம் போனேன். ராட்கோதான் இழுத்துக்கொண்டு போனான். டாக்டரம்மா நல்லவள், சளி பிடித்திருந்தது.

"தூக்கம் வருதா?"

"வருது."

"குடிப்பீங்களா?"

"ஊர்ல எல்லாரும் குடிக்கிற அளவுக்கு."

"காதுல ஏதாவது குரல் கேக்குதா?"

"இல்ல டாக்டர்."

முத்திரை குத்திக் கொடுத்தாள். நான் பைத்தியம் இல்லையாம்.

ஜீப்பில் வரும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். கிரீஸில் எத்தனை தோட்டா என்று கேட்கிறார்கள். துருக்கியில் யார் கூட வருகிறார்கள் என்று கேட்கிறார்கள். இங்கே புத்தி சரியா என்று கேட்கிறார்கள். நீ எங்கே நின்றாய் என்று இரண்டாவது தடவை கேட்க எந்த நாட்டிலும் ஒரு தாள் இல்லை. யாராவது கேட்டால் சொல்லிவிடுவேன் என்று இரண்டு வருஷமாகக் காத்திருக்கிறேனா? யார் கேட்பார்கள்? சரியாகக் கேட்டவன் தன்யோ ஒருத்தன்தான். அவனுக்கும் பதில் சொல்லவில்லையே நான்.

அக்டோபர் 27, திங்கள்

மழை. ஸ்லாட்டாவிடம் சொல்லலாம் என்று அடுப்படிக்குப் போனேன். முட்டைக்கோஸ் நறுக்கச் சொன்னாள். நறுக்கினேன்.

நவம்பர் 1, சனி

செத்தவர்களின் சனிக்கிழமை. ஊரே கல்லறைக்குப் போயிற்று. அவித்த கோதுமை, ரொட்டி, ஒயின். என் அப்பா அம்மா கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டுத் தன்யோ இருக்கும் வரிசை வழியாகப் போகாமல் சுற்றிப் போகப் பார்த்தேன். ஸ்தோய்னா கூப்பிட்டுவிட்டாள்.

பேப்பர் கோப்பையில் கோதுமையைப் போட்டுச் சர்க்கரை தூவி நீட்டினாள். வாங்குகிறவர்கள் 'கடவுள் மன்னிக்கட்டும்' என்று சொல்ல வேண்டும். வழக்கம்தான், எல்லாச் சாவுக்கும் சொல்வதுதான். நானும் வாயைத் திறந்தேன்.

"நல்லா வாயாரச் சொல்லுங்க அண்ணே" என்றாள். "எடத்தை விட்டு நகர்ந்தாரே, அந்தத் தப்பையும் சேத்துச் சொல்லுங்க. உங்களையும் பாவத்துல மாட்டிவிட்டுட்டுப் போயிட்டாரு. அதையும் மன்னிக்கச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேக்கும்."

என்னால் முடியல. செய்யாத தப்புக்கு அவ கடவுள்கிட்ட கெஞ்சறா, அதையும் என் வாயாலயே கேக்கச் சொல்றா—

"அவன் நகரல, ஸ்தோய்னா" என்றேன். "நான்தான் நகர்ந்தேன்."

முதலில் புரியவில்லை. திரும்பச் சொன்னேன். ஏழு, எட்டு, மேடு, ஓடை எல்லாம் சொன்னேன். அவன் கேட்டதையும் சொன்னேன். உடனே உயிர் போய்விட்டது, ஒன்றும் பேசவில்லை என்றுதான் அவளிடம் அப்போது சொல்லியிருந்தேன்.

கத்துவாள், அடிப்பாள் என்று நின்றேன். கையிலிருந்த கோப்பையைப் பிடுங்கிக்கொண்டாள். கோதுமையைத் திரும்பப் பாத்திரத்தில் கொட்டினாள், ஒரு மணி கீழே விழாமல்.

"போங்க" என்றாள். "ஸ்லாவிகிட்ட போய்ச் சொல்லுங்க. இப்பவே. நான் பின்னாலயே வரேன்."

முன்னால் நான் நடந்தேன், பின்னால் அவள். ஊரே பார்த்தது. ஸ்லாவி அன்றைக்கு வேட்டைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டுக் கையெழுத்து நோட்டை மூடினார். "இன்னைக்கு யாரும் காட்டுக்குப் போக வேண்டாம்" என்றார். அவரே போலீசுக்குப் போன் பண்ணினார்.

நவம்பர் 3, திங்கள்

ஸ்லாட்டா சோறு மட்டும் வைத்தாள்.

சாயங்காலம் கேட்டாள்: "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல?" விறகு எடுத்துவரப் போனேன்.

நவம்பர் 6, வியாழன்

ராட்கோ வந்து ஹாரன் அடித்தான். நான் போய்த் திறக்கவில்லை. பாதிக்கு மேல் இறங்காத கண்ணாடியை இறக்கி அங்கிருந்தே கத்தினான்.

"மூடின கேஸை எவனாவது தானே போய்த் திறப்பானா? ஜெயிலுக்குப் போகப் போறீங்க மச்சான்! ஜெர்மன்காரங்ககிட்ட நான் என்ன சொல்றது?"

"கிரீஸுக்குக் கூட்டிட்டுப் போ. த்ராசோஸ் ஒழுங்கான ஆளு. எழுதி வச்சிருக்கேன்."

தாளைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனான். டாக்டர் கொடுத்த முத்திரைத் தாளை அடுப்பில் போட்டேன்.

நவம்பர் 10, திங்கள்

கடைக்குப் போனேன். பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். உப்பு வாங்கிக்கொண்டு வந்தேன்.

நவம்பர் 14, வெள்ளி

காலையில் காட்டுக்குக் கூட்டிப் போனார்கள். இரண்டு அதிகாரிகள், அளவு நாடா பிடிக்க ஒரு போலீஸ்காரர், சாட்சிக்கு ஸ்லாவி. ஒரேயடியாக வயசானவர்போல முதுகு வளைந்து நடந்தார் ஸ்லாவி. பாதையோரம் ஸ்தோய்னா நின்றிருந்தாள். யாரும் அவளை வரச் சொல்லவில்லை. கறுப்புத் தலைத்துணி, கையில் பை. யாரும் போகவும் சொல்லவில்லை.

"எங்க நின்ன? காட்டு" என்றார்கள்.

ஏழாம் எண் மரத்தைத் தாண்டி இறங்கினேன். ஓடைக்குக் கீழே அந்த இடத்தில் நின்றேன். இன்னும் கொஞ்சம் இடது பக்கம் என்று நானே நகர்ந்தேன். நாற்பது காலடி என்று நினைத்திருந்தேன். நாடாவில் இருபத்தெட்டு மீட்டர். முட்செடி வளர்ந்துவிட்டது. அதை வெட்டினார்கள்.

தன்யோவின் இடத்தில் அந்தப் போலீஸ்காரரை நிறுத்தினார்கள். என் வயசு இருக்கும் அவருக்கு, தொப்பை. நான் நின்ற இடத்திலிருந்து அவருடைய சட்டைப் பட்டன்வரை தெரிந்தது. அதிகாரி எழுதிக்கொண்டே இருந்தார். வெகு நேரம் ஆயிற்று. போலீஸ்காரருக்குக் கால் வலித்திருக்கும். சிகரெட் பற்றவைத்துக்கொண்டு மரத்தை விட்டு இரண்டடி கீழே இறங்கினார்.

பாதையிலிருந்து ஸ்தோய்னா கத்தினாள்.

"ஏய்யா! மரத்தை விட்டு நகராதே! அவரு நகரல!"

அவர் சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்தார். திரும்ப ஏறிப் போய், எட்டாம் எண் மரத்தில் முதுகு ஒட்ட நின்றார்.