எமனை வெட்டிய மச்சான்

பினாங்கு
4-6-1934

என் தங்கச்சி ருக்குமணிக்கு, கோர்ட்டு வாசலில் கடலை விற்கும் உன் அண்ணன் எழுதுவது. நான் சுகம், எனக்கென்ன கேடு?

மச்சானுடைய அப்பீல் பதினெட்டாம் தேதி வருகிறது. மூன்று ஜட்ஜுகள் உட்காருவார்கள். ஒருவர் தூங்கினாலும் இரண்டு பேர் விழித்திருப்பார்கள் அல்லவா? தோட்டத்துக் கங்காணியை வெட்டியது மச்சான் இல்லை என்று இவர்களாவது கண்டுகொள்வார்கள். போன தடவை ஒரு சீன ரிக்ஷாக்காரனை விட்டுவிட்டார்கள். கீழ்க்கோர்ட்டில் சட்டத்தைத் தப்பாக எடுத்துவிட்டார்களாம். ஏழைக்கும் அதே மூன்று பேர்தான். அழாதே. அழுது மூக்கு வீங்கினால் மச்சான் வெளியே வந்ததும் உன்னை அடையாளம் தெரியாமல் ஓடிவிடுவார்.

உன் அண்ணன்
அய்யாக்கண்ணு

நிபோங் திபால்
9-6-1934

அன்புள்ள அண்ணனுக்கு,

அன்றைக்குக் கீழ்க்கோர்ட்டுச் சாட்சிக் கூண்டில், "உன் மச்சான் கோபக்காரனா?" என்று சர்க்கார் வக்கீல் கேட்டார். "கோபம் வந்தா எமனையே ரெண்டா வெட்டிப்புடுவாரு" என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். மச்சானைக் கேலி பண்ணாத மச்சான் உண்டா என்று நானும் சிரித்தேன். அப்புறம் ஏழு வருஷம் என்றார்கள்.

அண்ணே, அந்த மூன்று பேரிடமும் அது கேலி என்று சொல்லிவிடுங்கள். அது போதும்.

ருக்குமணி

பினாங்கு
19-6-1934

ருக்கு,

சொல்லத்தான் போனேன். நம் வக்கீலின் குமாஸ்தா ஷேக் அலாவுதீன் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இங்க சாட்சி கேக்க மாட்டாங்க, அய்யாக்கண்ணு. கீழ்க்கோர்ட்டுல எழுதின தாளைத்தான் படிப்பாங்க. பணக்காரன் புதுக் கதை கொண்டாந்தாலும் இதே சட்டம்தான்லா."

"அப்ப எல்லாரும் சிரிச்சது?"

"அதைத் தாள்ல எழுதல."

மூன்று பேரும் தூங்கவில்லை. தாள் தாளாகப் படித்தார்கள். நடுவில் இருந்தவர் என் வார்த்தையை இரண்டு தடவை வாசித்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. பத்தடி தூரத்தில்தான் இருந்தேன், ருக்கு. எழுந்தேன், போலீஸ்காரர் தோளை அமுக்கி உட்கார வைத்தார். சட்டத்தில் பிழை இல்லை என்று அப்பீலைத் தள்ளிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பார்க்க வரட்டுமா?

அய்யாக்கண்ணு

நிபோங் திபால்
22-6-1934

அண்ணனுக்கு,

ஜெயிலில் அவரைப் பார்த்தேன். உங்கள்மேல் அவருக்குக் கோபமில்லை. "மச்சானை வரச் சொல்லு, உள்ள கேலி பண்ண ஆளில்லை" என்றார். போங்கள். எப்போதும்போல் பேசுங்கள்.

இங்கே மட்டும் வராதீர்கள். உங்கள் குரலைக் கேட்டால் அன்றைக்குக் கோர்ட்டில் வந்ததுபோல் எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

ருக்குமணி