பனைமர உடுப்புக்கு மூக்குத் துவாரம் வேண்டும்

அனுப்புநர்:
செல்வி மீனாம்பிகை நடராசா, கலைமாணி,
உதவி ஆசிரியை,
உடுப்பிட்டி.

பெறுநர்:
வட்டாரக் கல்வி அதிகாரி அவர்கள்,
பருத்தித்துறை.

விடயம்: வினோத உடைப் போட்டியில் முதற்பரிசு பெற்ற பனைமர உடுப்பினுள் பிள்ளைக்கு மூச்சு முட்டியமை

மதிப்புக்குரிய ஐயா,

1. கடந்த வெள்ளிக்கிழமை எமது பாடசாலையில் நடந்த வட்டாரப் போட்டியில் ஐந்தாம் வகுப்பு மாணவி இராசமலர் பனைமரமாக வந்து முதலிடம் பெற்றாள். அவளை ஆயத்தப்படுத்தியவர் சக ஆசிரியை செல்வி பத்மாசினி. அவர் இங்கு வந்து ஒரு வருடமாகிறது. இடைவேளையில் பிள்ளைகள் அவரைச் சுற்றியே நிற்பார்கள். அது என் முறைப்பாடு அல்ல.

2. அடிமரம் தடித்த காகித மட்டையால் ஆனது. கைகள் உள்ளே உடம்போடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. கண்ணுக்கு இரண்டு துளைகள், மூக்குக்கு இல்லை. போட்டிக்கு முதல்நாளே அவரிடம் கேட்டேன். "மூக்கடியிலை ஓட்டை போட்டால் மரங்கொத்தி கொத்தின மரம் மாதிரிக் கிடக்கும், அக்கா" என்றார். நின்றவர்கள் சிரித்தார்கள்.

3. நண்பகல் வெயிலில் மேடையேறிய பிள்ளை சிறிது நேரத்தில் ஆடத் தொடங்கினாள். நடுவர் ஒருவர் ஒலிபெருக்கியில், "பாருங்கோ, சோளகக் காத்துக்கு வடலிப் பனை ஆடுற மாதிரியே ஆடுறாள்" என்றார். சனம் கைதட்டியது. அவள் மயங்கிக்கொண்டிருந்தாள். கையை உயர்த்திக் காட்டவும் வழியில்லை. 'இயல்பான அசைவு' என்று முழுப் புள்ளிகள் வழங்கப்பட்டன.

4. நான் ஆயத்தப்படுத்திய மாணவி வெண்டிக்காயாக வந்தாள். தளர்வான பருத்தித் துணி, திறந்த முகம். தாகமெடுத்தால் தண்ணீர் குடிக்கலாம். நடுவர் அவளைப் புடலங்காய் என்று அறிவித்தார். ஒப்பீட்டுக்காக மட்டுமே இதனைக் குறிப்பிடுகிறேன்.

5. மேடைக்குப் பின்னால் மட்டையைக் கிழித்துத் தண்ணீர் தெளித்தது நான். இராசமலர் முன்பு என் வகுப்பில் இருந்தவள். பாடசாலை விட்டதும் வாசல்வரை என் சைக்கிளை உருட்டிக்கொண்டு வருவாள். கண் திறந்ததும், "ரீச்சர், பத்மாசினி ரீச்சரிட்டைச் சொல்லிப்போடாதேங்கோ. அவ கவலைப்படுவா" என்றாள். நான் சொல்லவில்லை. அன்று பின்னேரம் அவர்கள் இருவரும் கிண்ணத்துடன் படம் எடுத்துக்கொண்டார்கள்.

6. வரும் சனிக்கிழமை மாவட்டப் போட்டி. கிழிந்த இடம் ஒட்டப்பட்டு, மேலே மை பூசப்பட்டுவிட்டது. பாடசாலை அதிபரிடம் கூறினேன். "வெண்டிக்காயை விடுங்கோ, ரீச்சர்" என்றார். ஆகவே தங்களுக்கு எழுதுகிறேன்.

பரிசைத் திரும்பப் பெறுமாறு நான் கேட்கவில்லை. மூக்கும் வாயும் திறந்திருக்க வேண்டும், கைகள் வெளியே இருக்க வேண்டும், தண்ணீருடன் ஓர் ஆசிரியர் அருகில் நிற்க வேண்டும் என்று சனிக்கிழமைக்கு முன் தாங்கள் கட்டளையிட வேண்டும். அந்த ஆசிரியர் செல்வி பத்மாசினியாகவே இருக்கட்டும். பிள்ளை அவரைத்தான் தேடும்.

கட்டளை தங்கள் அலுவலகத்திலிருந்தே வந்ததாக இருக்கட்டும். நான் எழுதியது இராசமலருக்குத் தெரிய வேண்டாம்.

தங்கள் விரைவான நடவடிக்கையை எதிர்பார்த்திருக்கும்,
மீ. நடராசா

உடுப்பிட்டி,
16.07.1984