சாவித் துளைக்குள் இருந்த சிலந்தி

அன்புள்ள என் அண்ணன் பிள்ளை எறும்புக்குச் சித்தப்பா எழுதுவது. எல்லாம் எனக்கு முன்கூட்டியே தெரியும், அதைச் சொல்லிவிட்டுத்தான் நலம் விசாரிப்பேன். உன் ஆராய்ச்சி ஆட்கள் ஒன்பது நாள் மலையுச்சியில் கல்லைப் புரட்டினாலும் அந்தச் சிலந்தி ஒன்றுகூட அகப்படாது என்று அவர்கள் பை தூக்கிய அன்றே சித்தியிடம் சொன்னேன், வேண்டுமானால் கேட்டுப் பார். இங்கே எல்லாரும் சுகம், என் முழங்கால் ஒன்றைத் தவிர. நீ வேளாவேளைக்குச் சாப்பிடு, மூக்குக்கண்ணாடியை ஒட்டுப் போட்டே ஓட்டாதே.

பூட்டுக் கடையில் வேலை தலைக்கு மேல். போன வாரம் ஒரு வங்கியின் இரும்புப் பெட்டிக்கு மூன்று ஊர் ஆட்கள் வந்து கைவிரித்துவிட்டார்கள், நான் காதை வைத்தேன், திறந்துகொண்டது. அது தையல்காரரின் பெட்டி என்று சித்தி சொல்வாள், நம்பாதே. எள்ளுக்கு எட்டுக் கால் முளைத்த மாதிரி, முதுகில் இரண்டு வெள்ளைப் பொட்டோடு, உலகத்திலேயே நம் பக்கத்தில் மட்டும் இருக்கிற சிலந்தியை ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத உன் சித்தப்பா பிடித்தார் என்று நீ அச்சில் போட்ட கட்டுரையைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டியிருக்கிறேன். அதில் உச்சிப்பாறை இடுக்கு என்ற வரி மட்டும் இப்போது கண்ணை உறுத்துகிறது.

எல்லார் எதிரிலும் உன் பெரிய மேடம் நீ இடத்தைப் பொய்யாக எழுதினாயா என்று கேட்டதையும், கட்டுரையைத் திரும்பப் பெறச் சொன்னால் உன் படிப்பே போய்விடும் என்று நீ அழுததையும் உன் கடிதத்திலிருந்து சித்திக்குப் படித்துக் காட்டியவன் பாதியிலேயே அதை மடித்து வைத்துவிட்டேன். அவள் காய் நறுக்குவதை நிறுத்தாமல், "புள்ளைக்கு உண்மையை எழுதிட்டு வந்து சாப்பிட உக்காருங்க" என்றாள். சாப்பாடு ஆறிக்கொண்டிருக்கிறது.

இனி யாரையும் மலைக்கு அனுப்பாதே. கடையில் மூன்றாவது தட்டில், சாவி தொலைந்த பழைய பூட்டுகளின் துளைக்குள் இன்னும் நான்கு சிலந்திகள் வலை கட்டி இருக்கின்றன. தூசிகூடத் தட்டாமல் வைத்திருக்கிறேன், மேடத்தை நேரே இங்கே கூட்டி வா. இந்தக் கடிதத்தையும் மறக்காமல் அவரிடம் காட்டு, திட்டு எனக்கு வரட்டும். நீ தலை நிமிர்ந்து நன்றாக இருக்க வேண்டும். மலையில் தேடச் சொல்லி நீ கேட்ட அன்று ஏழாவது படியிலேயே முழங்கால் பிடித்து உட்கார்ந்துவிட்டேன், உனக்குக் கொடுத்தது கடைப் பூட்டில் பிடித்ததுதான், உன்னிடம் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. உச்சிப்பாறை நானாகச் சேர்த்தது.

மலையுச்சியை இன்றுவரை பார்க்காத,
உன் சித்தப்பா