இரண்டாம் மாடி ஜன்னல்

ஆகஸ்ட் 4, திங்கள்

கரண்ட் பில் வந்தது. சுயம்பு அண்ணாச்சி அதை என் மேஜையில் வைத்துவிட்டு என்னையே பார்த்தார். வண்ணாரப்பேட்டையில் மூன்று தளத்துக்கு ஜவுளிக்கடை வைத்திருக்கும் முதலாளி அவர். அடுத்த பில்லும் இப்படியே வந்தால் இரண்டாம் மாடியை மூடிவிடுவாராம். மூடினால் அங்கே புடவை எடுத்துப் போடும் ரமாபாயும் மற்ற விற்பனைப் பெண்களும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

“நான் குறைச்சுக் காட்டுறேன் அண்ணாச்சி” என்று வாயை விட்டது யார்? மின் சிக்கனப் பயிற்சி பெற்ற மேனேஜர் அஜின். அந்தப் பயிற்சியில் எனக்கு நினைவிருப்பது மத்தியானச் சாப்பாடு மட்டும்.

ஆகஸ்ட் 6

குற்றவாளியைப் பிடித்துவிட்டேன். வாசல் கதவு. புடவையை வெளியே கொண்டுபோய் வெயிலில் விரித்துப் பார்க்காமல் இந்தப் பக்கத்து ஜனங்கள் வாங்குவதில்லை. ஒருவர் கதவைப் பிடித்துக்கொள்ள, ஏசி குளிரெல்லாம் தெருவுக்கு. வாசலில் ஒரு நாய் ஏன் நிரந்தரமாகப் படுத்திருக்கிறது என்பது இன்றுதான் விளங்கியது.

உத்தரவு போட்டேன்: புடவை வாசல் தாண்டக் கூடாது. கண்ணாடி பக்கத்தில் பகல் வெளிச்ச பல்பு மாட்டியாயிற்று.

ஆகஸ்ட் 7

நாய் எழுந்து போய்விட்டது. வெற்றி.

ஆகஸ்ட் 14

வெற்றியாம் வெற்றி. நாயோடு வாடிக்கையாளர்களும் போய்விட்டார்கள். பல்பைப் பார்க்கிறார்கள், என்னைப் பார்க்கிறார்கள், பக்கத்துக் கடைக்கு நடக்கிறார்கள்.

படியில் ரமாபாய் மறித்தாள். “இன்னா சார், எங்க மாடிய மூடப்போறாங்களாமே, மெய்யாலுமா?”

தண்ணீர் குடிக்கப் போகிறவன் மாதிரி நழுவிவிட்டேன். வெட்கமாக இருக்கிறது. என் வாய்ச்சவடாலுக்கு அவள் பிழைப்பா பலி?

ஆகஸ்ட் 20

வியாபாரம் படுத்ததும் அடுத்த பில்லுக்குக்கூடக் காத்திராமல் மாடியைக் காலி செய்யச் சொல்லிவிட்டார் அண்ணாச்சி. தச்சரை அழைத்துக்கொண்டு போனேன். ரமாபாய் என் பக்கம் திரும்பவே இல்லை. முதல் அலமாரியைப் பெயர்த்ததும் பின்னால் ஜன்னல்! அலங்காரத்துக்காக எப்போதோ ப்ளைவுட் அடித்து மறைத்தது.

அந்த நேரம் பார்த்து வாடிக்கையாளர் ஷம்ஷாத் அக்கா படியேறி வந்தார். மகளின் நிக்காவுக்கு வாங்கிய புடவையை என் மேல் எறியாத குறை. “உன் பல்புல பச்சைன்னு குட்த்தே. வூட்டாண்ட பாத்தா நீலமா கீது.”

ஜன்னலோரம் விரித்தார். மயிலைக் கேட்டாலும் நீலம் என்றுதான் சொல்லும். மன்னிப்புக் கேட்டேன். அவர் அங்கேயே நின்று வேறு புடவைகளை எடுத்துவரச் சொன்னார். ரமாபாய் ஒவ்வொன்றாக விரித்தாள். வாசலுக்கு யாரும் போகவில்லை. மாடியில் விளக்குகூட எரியவில்லை.

அட மடையா. ஜன்னலை அடைத்து, விளக்கைப் போட்டு, விளக்குச் சூட்டுக்கு ஏசி போட்டு, வெயில் பார்க்க ஜனங்களை வாசலுக்கு அனுப்பியிருக்கிறோம்!

அண்ணாச்சியிடம் ஓடினேன். கெஞ்சினேன் என்றே எழுதலாம். அடுத்த பில் வரை பார்ப்போம் என்றார்.

ஆகஸ்ட் 25

எல்லா ஜன்னலும் திறந்தாயிற்று. கல்யாணப் புடவைகள் மேலே. வாசல் கதவு சாத்தியே இருக்கிறது. தூக்கம்தான் வரவில்லை.

அக்டோபர் 6, திங்கள்

பில் இறங்கிவிட்டது. மாடி தப்பியது. ரமாபாய் கீழே வந்து என் மேஜையில் ஒரு டீயை வைத்துவிட்டுப் போனாள்.

அண்ணாச்சி ருசி கண்டுவிட்டார். இன்னும் எங்கே மீட்டர் ஓடுகிறது என்று கட்டிடம் முழுக்கச் சுற்றினார். கடைசியில் என் கேபின். ஏசி பதினெட்டில், நான் சால்வையில்.

“இந்தக் குளிரு எந்தப் புடவைக்குடே?”

அக்டோபர் 7

கேபினைப் பூட்டிவிட்டார்கள். இதை இரண்டாம் மாடி ஜன்னலோரம் எழுதுகிறேன். விசிறிக்கொள்ளப் பயிற்சிச் சான்றிதழை எடுத்து வந்திருந்தேன்.

ரமாபாய் தன் ஸ்டூலை நகர்த்தினாள். “குந்து சார். இங்க காத்து வரும்.”

வருகிறது.