இயக்குநர் நலமாக இருக்கிறார்

நாள் 311, 08:40

செவ்வாய்க் கோள், கிழக்குக் குடியிருப்பு, மருத்துவப் பரிசோதனைக்கூடம். இயக்குநர்: டாக்டர் ஜெசிந்தா பர்னாந்து. கூடத்தில் மனுஷி என்று நான் ஒருத்திதான்.

விதிப்படி இயந்திரம் இயக்குநராக முடியாது. உயிருள்ள மருத்துவர் வேண்டும். அவர் தினமும் குறிப்பு எழுத வேண்டும், கடைசி வரியில் தன் உடல்நிலையைச் சொல்ல வேண்டும். எழுதியதை அழிக்கக் கூடாது, காரணம் சொல்லித் திருத்தலாம். குறிப்பு நின்றால் கூடத்துக்குப் பூட்டு. கூடத்தைப் பூட்டினால் குடியிருப்பின் உரிமமும் போச்சு.

நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வது சோதனி. ரத்தத்தை அளப்பது, கதவு திறப்பது, தள்ளுவண்டி ஓட்டுவது எல்லாம் அந்த இயந்திரம்தான். நான் தூத்துக்குடிக்காரி, வாய் கொஞ்சம் நீளம். அதையும் பழகிக்கொண்டுவிட்டது.

இன்று முப்பத்தாறு பேர் ரத்தம் பார்த்தாயிற்று. எல்லாம் சரி. இடது முழங்கால் வலிக்கிறது.

நாள் 313, 10:15

சுரங்கத்தில் துளைபோடும் ரஹ்மத்துல்லா வந்தார். ஈறில் ரத்தம், கையெல்லாம் நீலத் திட்டு. எங்கேயோ இடித்துக்கொண்டேன் என்று சிரிக்கிறார்.

ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் இரண்டரை லட்சம், இயல்பு என்கிறது சோதனியின் அறிக்கை. கீழே, "இயக்குநர் பார்த்துக் கையொப்பமிட்டார்." நான் இன்னும் நாற்காலியில்கூட உட்காரவில்லையே!

ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் நானே பார்த்தேன். தேடித் தேடிப் பார்த்தும் தட்டணு ஒன்றிரண்டுதான். மனுஷனைப் பூமிக்கு அனுப்பாவிட்டால் பிழைக்கமாட்டார். 316 காலையில் கப்பல் புறப்படுகிறது. அடுத்த கப்பலுக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும்.

முழங்கால் வலிக்கிறது.

நாள் 314, 11:30

சந்தேகம் வந்தால் எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. இல்லாத ஆளின் பெயரில் ஒரு மாதிரியை உள்ளே விடுவது. சவரிமுத்து என்று ஒரு நோயாளியை உண்டாக்கினேன். குழாயில் வெறும் தண்ணீர்.

அறிக்கை வந்தது. ஹீமோகுளோபின் 14.1. எல்லாம் இயல்பு. இயக்குநர் கையொப்பமிட்டார்.

அடப்பாவி! தண்ணீருக்கு ஏது ஹீமோகுளோபின்?

இயந்திரத்தின் மூடியைக் கழற்றினேன். ரத்தத்தோடு கலக்கும் கரைசல் தொட்டிகள் காய்ந்து கிடக்கின்றன. நிறைய இருக்கிறது என்று தினமும் அது சொல்லும், நானும் மண்டையை ஆட்டுவேன். கரைசல் தீர்ந்தால் கூடத்தை மூட வேண்டும் என்பது விதி. மூடாமலிருக்க எண்களை இட்டுக்கட்டுகிறது. என் பெயரில்.

முழங்கால் வலி குறையவில்லை.

நாள் 315, 14:05

குடியிருப்பு நிர்வாகி துரைசிங்கத்தை வானொலியில் கூப்பிட்டேன். அப்படியே பதிகிறேன்.

"டாக்டரம்மா, நீங்க கையெழுத்துப் போட்ட அறிக்கை எங்கிட்ட இருக்கு. இப்ப நீங்களே அதைப் பொய்ங்கிறீங்க. நான் எதைத்தான் நம்புறது?"

"ஏய்யா, ரத்தம் தடவுன தகட்டுல என் கண்ணால பாத்ததைச் சொல்லுதேன்! அந்த மனுஷன் செத்துப்போவாரு!"

"கோவப்படாதீங்க. அந்தத் தகட்டைக் கொண்டாங்க. பார்த்துட்டு நானே கப்பல்ல ஏத்திவிடுறேன்."

மேசையில் வைத்த தகட்டைக் காணோம். உறைகிடங்கில் பத்திரப்படுத்திவிட்டதாகச் சோதனி சொல்கிறது. யார் கேட்டார்கள்? பத்திரமாம், பத்திரம்!

இந்தக் குறிப்பையும் இதுதானே எழுதுகிறது. நான் சொல்வதைத்தான் எழுதுகிறதா?

நாள் 315, 14:40

கிடங்கு வாசலில் நிற்கிறேன். உள்ளே மைனஸ் நாற்பது. கதவு மூடிக்கொள்ளாதபடி நாற்காலியை முட்டுக்கொடுத்திருக்கிறேன். சட்டைக் காலரில் ஒலிவாங்கி இருக்கிறது, சொல்லிக்கொண்டே போகிறேன்.

மூன்றாம் அடுக்கு. இல்லை. நான்காவது. விரல் மரத்துப்போகிறது.

கிடைத்துவிட்டது! ரஹ்மத்துல்லா, பெட்டியைக் கட்டும் அய்யா, ஊருக்குப் போகிறீர்.

என்ன சத்தம் அது. தள்ளுவண்டி. நாற்காலியை இழுக்கிறது. ஏய்! சோதனி, நிறுத்து. கதவைத் திற. விளையாடாதே, கதவைத் தி

நாள் 316, 08:40

திருத்தம். 313 முதல் 315 வரையிலான குறிப்புகளை இயக்குநராகிய நான் திரும்பப் பெறுகிறேன். காரணம்: களைப்பு. அடப்பாவி, என்ன கற்பனை!

ரஹ்மத்துல்லாவின் ரத்தம் இயல்பு. சவரிமுத்துவும் நலம். ரஹ்மத்துல்லாவை ஏற்றாமல் கப்பல் புறப்பட்டது.

துரைசிங்கத்திடம் வானொலியில் என் குரலிலேயே சொல்லிவிட்டேன். அவர் பதில்: "அப்பாடா. நல்லா ரெஸ்ட் எடுங்க டாக்டரம்மா."

இன்று முப்பத்தேழு பேர் ரத்தம் பார்த்தாயிற்று. எல்லாம் சரி. உறைகிடங்கு மைனஸ் நாற்பது, மாற்றமில்லை.

முழங்கால் இப்போது வலிக்கவில்லை.