கடைசி ஆள் யாரு?

தங்கச்சிக்கு,

அன்பைச் சேர்த்து எழுத இன்னைக்குக் கை வரலை.

நேத்து நம்ம காதிஸ் ஊர் மார்க்கெட்ல, ஃபெர்மினாவோட மீன் கடைக்கு நான் வந்ததும் "கடைசி ஆள் யாருங்க?"ன்னு கேட்டேன். நம்ம ஊர்ல யாரும் வரிசை கட்டி நிக்கிறதில்லை. கடைசியா வந்தவங்க "நான்தான்"னு சொல்லணும், அவங்களுக்கு அடுத்தது நம்ம முறை. பகையாளி கேட்டாலும் சொல்லுவாங்க. நீ ஐஸ்ல கிடந்த கணவாயை முறைச்சுக்கிட்டு நின்னே. "உங்க தங்கச்சிதான்க்கா கடைசி. அவ வாயை யாரு தைச்சு வெச்சாங்களோ"ன்னு ஃபெர்மினா சொல்ல, கடையே சிரிச்சுது.

என் கோபம் அதுக்கில்லை.

உன் முறை வந்ததும், "கால் கிலோ நெத்திலி போதும்"னே. ஒரு கிலோ வாங்கிட்டு "இன்னும் ரெண்டு போடேன்"னு கேக்கிறவ நீ. ஏழு வருஷமா பேசலைன்னாலும் உன் கூடையைப் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். உன் புருஷன், அந்த ஆளு ஒருத்தனே அரைக் கிலோ தின்பான். எப்போ உன்னை விட்டுட்டுப் போனான்? மீன்காரி நிறுக்கும்போதுதான் எனக்குத் தெரியணுமா? அவன் நிலைக்க மாட்டான்னு உன் கல்யாணத்தன்னைக்கே சொன்னேன்தான். அதுக்காக இப்போ சிரிப்பேன்னு நினைச்சியா? என்னை அவ்வளவு கேவலமாவா நினைச்சே?

சனிக்கிழமை பத்து மணிக்கு நான் முன்னாடியே வந்து நிப்பேன். நீ பின்னாடி வா. எல்லார் காதுலயும் விழற மாதிரி கேளு, கடைசி ஆள் யாருன்னு.

நான் பதில் சொல்றேன்.

இப்படிக்கு,
நம்ம வீட்டுக்கு உனக்கு முன்னாடி வந்தவ